முழுப்பேர்

ஆறு வருடம் யாருடைய முகத்தையும் பார்க்காமல் வேலை செய்தேன்,
கொழும்பில், ஏழாம் மாடியில்,
ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.
தரவுத்தளம் கேட்கும், நான் பதில் எழுதுவேன்.
பிழை என்றால் சிவப்பில் வரும்,
எந்த வரி என்றும் சொல்லிவிடும்.
அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

புதுத் தராசு தகராறு பண்ணுகிறதாம், போய்ப் பார் என்று
பொகவந்தலாவைக்கு அனுப்பினார்கள்.

மத்தியானக் கொழுந்து நிறுக்கிற நேரம்.
மழை என்று சொல்ல முடியாத ஒரு மழை.
கொக்கியில் சாக்கு தொங்கியது.
திரை கணக்குப்பிள்ளையின் பக்கம் திரும்பியிருந்தது.
அப்படித்தான் வடிவமைத்தோம்.
இல்லை, யாரும் வடிவமைக்கவில்லை,
வைத்த இடத்தில் இருந்துவிட்டது.

ராஜமலர், என் வயதுதான் இருக்கும்,
எட்டிப் பார்த்தாள்.
"எவ்வளவுங்க?"
"பதினேழு. அரைப்பேர்."
"பத்தொம்பதுக்குக் கொறையாதே."
"நான் என்ன செய்ய, மெசின் சொல்லுது."

மெசின் சொல்லவில்லை.
நானூற்றுப் பன்னிரண்டாம் வரியில் நான் சொல்லியிருந்தேன்:
ஈரத்துக்கும் சாக்குக்கும் இரண்டு கிலோ கழி,
மிச்சத்தில் தசமத்தை வெட்டு.
பதினெட்டுக்கு நூறு கிராம் குறைவு.
அது பதினேழு ஆகி, பதினேழு
அரைநாள் ஆனது.
அந்தக் கத்தி ஏழாம் மாடியில்
ஒரு சத்தமும் போட்டதில்லை.
சோதனைகள் எல்லாம் பச்சை.
சுற்றிலும் மலையும் பச்சை.

வரியைத் திருத்த மூன்று நிமிடம்.
திருத்த அனுமதி கிடைக்க நாலு மாதம்.
திரையைத் திருப்பிவைக்க
இன்றுவரை பணம் ஒதுக்கவில்லை.

"நல்ல எஞ்சினியர் நீ,
ஏன் பெயின்ட் அடிக்கப் போகிறாய்?" என்றார் மேலாளர்.
எனக்கும் சரியாகச் சொல்லத் தெரியவில்லை.
சம்பளத்தில் மூன்றில் ஒன்று போனது.
அண்ணனிடம் இன்னும் சொல்லவில்லை.
இருபது வயதுப் பிள்ளைகளோடு வகுப்பில் உட்கார்ந்து
'பயனர்' என்று ஒருத்தியைக் கற்பனை பண்ணச் சொன்னபோது
அவர்கள் அவளுக்குக் கோப்பியும் ஒரு பூனையும் கொடுத்தார்கள்.
நான் விரல்களுக்குக் கறை வைத்தேன்.
நிறத் தேர்வு பொருந்தவில்லை என்று
அரை மதிப்பெண் குறைத்தார்கள்.

இப்போது ஹட்டனில், இரும்புக்கடைக்கு மேலே ஓர் அறை.
பிஸ்கட் பெட்டி அட்டையில் திரைகளை வெட்டுகிறேன்.
நாலு தடவை ஆள் அனுப்பிக் கூப்பிட்ட பிறகு
ஒரு ஞாயிற்றுக்கிழமை ராஜமலர் வந்தாள்,
சந்தைப் பையோடு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றபடி.

அட்டையைத் தொட்டாள்.
அது அட்டை என்று தெரிந்தும்
விரலைத் துடைத்துவிட்டுத் தொட்டாள்.
தவறான பொத்தான்.
"ஐயோ, பிழையா அமத்திட்டேன்."
"நீங்க இல்ல. நான் பிழையா வச்சிட்டேன்."
இதைச் சொல்லத்தான் வேலை மாறினேனோ என்னவோ.
அவள் அதைக் கவனிக்கவில்லை.

முதல் கட்டத்தை எழுத்துக்கூட்டி வாசித்தாள்:
முழுப்பெயர்.
அதற்குக் கீழே வெறும் கோடு.
வாசித்துவிட்டுச் சிரித்தாள்.
சிரிப்பு நிற்க நேரமெடுத்தது.

"முழுப்பேரா?
அத நீங்கதானே போடணும்,
எங்கிட்ட கேட்டா?"

பென்சிலை எடுத்தேன்.
கோட்டை அழிப்பதா, சொல்லை அழிப்பதா என்று தெரியவில்லை.
அவள் எழுந்துவிட்டாள்.
படியில் நின்று திரும்பி,
"இன்னைக்கு வந்ததுக்கு
என்ன பேருங்க?" என்றாள்.

முழு நாளுக்குக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டாள்,
நோட்டுகள் அவள் பக்கம் பார்த்திருக்க.