பிரேக்

தமிழில் எழுதினால்
நிறுத்துவதற்கும் உடைப்பதற்கும் ஒரே எழுத்துதான்.
கால் மிதிப்பதும் அது, காலுக்கு நேர்வதும் அது.

டாண்டினோங்கில், ரயில் பாதைக்குப் பின்னால்
சமையலறை மேசையில்
ஹெட்செட்டோடு உட்கார்ந்திருக்கிறேன்.
பெயர் சொல்லக்கூடாது, எண் மட்டும்.
இன்னொரு விதி:
யார் பேசினாலும்
அவர்களுடைய ‘நான்’தான் என்னுடைய ‘நான்’.

நாலரைக்கு வீட்டு ஏஜென்ட்.
ஒப்பந்தம் முடிய ஐந்து மாதம் இருக்கையில்
நோபிள் பார்க்கைவிட்டு ஜீலாங்குக்கு வேலை மாறிப் போகிறார் ஒருவர்.
‘இடையில் முறித்தால் பாண்ட் காசு வராது’ என்றேன், ஏஜென்ட்டாக.
அவர் சிரித்தார்:
‘எங்கட நாட்டில பாண்டுக்குப் பேரே முறிதானே தம்பி.’
அந்தச் சிரிப்பை ஏஜென்ட்டுக்குக் கொண்டுபோக
என்னிடம் வண்டி இல்லை.

ஏழு மணிக்கு லாரியிலிருந்து விழுந்த ஒரு கால்.
மயிரிழை அளவுதான், ஆனாலும் பிரேக்.
கால் என்றால் முறியும், கண்ணாடி என்றால் உடையும்,
நூல் அறும், கிளை ஒடியும், அப்பளம் நொறுங்கும்,
விதியை மீறுவோம், வாக்குத் தவறுவோம்.
ஆங்கிலம் எல்லா வீட்டுக்கும்
ஒரே சுத்தியலோடு வருகிறது.
மீசை அரும்பும் பையனின் குரல் மட்டும்
இரண்டு மொழியிலும் உடைகிறது.

பத்தே முக்கால். பாக்கனத்திலிருந்து ஒரு பெண், மூச்சு வாங்க:
‘குடம் உடைஞ்சிட்டுது.’
ஐம்பத்துநாலு வயது, தொப்பை, சர்க்கரை வியாதி,
நான் மருத்துவச்சியிடம் தெளிவாகச் சொன்னேன்,
என் தண்ணீர் உடைந்துவிட்டதென்று.
நம்மிடம் பானை உடைகிறது,
அவர்களிடம் தண்ணீரே உடைகிறது.
எப்படியோ, பிள்ளை வருகிறது.

நள்ளிரவு, போலீஸ். கீஸ்பரோவில் மளிகைக்கடை.
உடைத்துப் புகுந்திருக்கிறார்கள்.
என்னென்ன உடைந்தது?
‘ஒண்டும் உடையேல்ல ஐயா. நான்தான் பூட்ட மறந்திட்டன்.’
படிவத்தில் அதற்கு வேறு கட்டம் இல்லையாம்.

மூன்று இருபது.
டாக்டர் முதலில் என்னிடம்தான் பேசினார்.
இதை மெதுவாக உடைக்க வேண்டும், தயாரா என்றார்.
செய்தியை நாங்கள் உடைப்பதில்லை, டாக்டர்.
பக்கத்தில் போய் உட்காருவோம்,
தண்ணீர் குடிக்கிறீர்களா என்று கேட்போம்.
இதைச் சொல்லவில்லை. ‘தயார்’ என்றேன்.

பிறகு, என் குரலில், அவருடைய நானாக:
‘நான் உங்கள் கணவரைக் காப்பாற்ற முயன்றேன்.
என்னால் முடியவில்லை.’

அந்தப் பக்கம் ஒரு ஃப்ரிட்ஜ் இரைகிற சத்தம்.
பிறகு அந்த அம்மா சொன்னார்:
‘என்ர வலக்கை முறிஞ்சுபோச்சே.’

விதிப்படி சொன்னேன்.
என் வலக்கை முறிந்துவிட்டது.

டாக்டர் பதறினார். விழுந்துவிட்டாரா?
கூட யாராவது இருக்கிறார்களா?
ஆம்புலன்ஸ் அனுப்பட்டுமா, விலாசம் கேளுங்கள் —

பதினோரு வருடத்தில் முதல் தடவை
நான் நானாகப் பேசினேன்.
மொழிபெயர்ப்பாளர் பேசுகிறேன், டாக்டர்.
கைக்கு ஒன்றுமில்லை.
கை என்று அவர் சொன்னது,
நீங்கள் இப்போது சொன்னீர்களே,
அவரை.

யாரும் எதுவும் பேசவில்லை.
மௌனத்துக்கும் நிமிடக்கணக்கில்தான் காசு.
யாருக்கும் அதைப் பெயர்க்காமல் காதில் வைத்திருந்தேன்.

லைன் விழுந்தபின் திரையில் ஒரு பச்சைப் பொத்தான் எரிந்தது,
பதினைந்து நிமிடம் எடுத்துக்கொள்ளலாமாம்.
அதன் மேல் எழுதியிருந்தது அதே சொல்.

வலக்கையால் அழுத்தினேன்.
கொஞ்ச நேரம்
அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.