நாற்பதாவது சட்டம்

கண்ணை மூடி
முதுகுக்குப் பின்னால் வீச வேண்டும்.
விழுந்த இடத்தில்தான் எண்ண வேண்டும்,
பச்சையைப் பார்த்து வைக்கக் கூடாது.
மீட்டருக்கு மீட்டர், நான்கு இரும்புக் கம்பி,
இடது தோளில் அதன் துரு.

வெள்ளகோவிலுக்கு வடக்கே
நொய்யலை நோக்கிச் சரியும் கொரங்காடு.
முதல் வீச்சு: கொழுக்கட்டைப் புல் பதினொரு தூர்,
புழுக்கை இருபத்தாறு, ஒரு எறும்புப் புற்று.
மூன்றாவதில் நாலே தூர்,
வேர்க்கழுத்து வரை கடித்த மொட்டை.
ஒன்பதாவதில் புல் இல்லை.
சொட்டைத் தலையில் பவுடர் கொட்டியது போல்
வெளுத்த மண்.
நாக்கில் வைத்துப் பார்த்தேன், அது விதியில் இல்லை.
கரித்தது.

படிவத்தில் இரண்டே பத்தி.
ஆலையால் எத்தனை சதம்,
மேய்ச்சலால் எத்தனை சதம்.
கூட்டினால் நூறு வர வேண்டும்.

கிளுவை வேலிக் கடவைத் தள்ளிக்கொண்டு
துளசிமணி வந்தாள்.
"ஏனுங், எதையாச்சும் தொலைச்சுப் போட்டீங்களா?"
"புல்லு எண்றேனுங்க."
"எண்ணுனா வளருமாங்?"

ஆறு நாள் திருப்பூரில் பனியனுக்குப் பிசிறு வெட்டுகிறாள்.
ஆறரை மணி வேன்.
வேலிக்குள் விட்டுவிட்டால் ஆடு தானே மேயும்,
ஆள் வேண்டியதில்லை.
போன தீபாவளி போனஸ்
இரண்டு மேச்சேரிக் குட்டியாக நிற்கிறது,
என் ஒன்பதாவது சட்டத்துக்குள்
தலையை விட்டு
உப்பை நக்கிக்கொண்டு.
இதை எந்தப் பத்தியில் போட?

ஒப்பீட்டுக்கென்று
நான் ஆசையாய்க் குறித்து வைத்திருந்தது
பங்காளி வழக்கில் ஆறு வருசமாய்ப் பூட்டிய பக்கத்துக் காடு.
குளம்பு படாத மண்.
உள்ளே போனால்
கொழுக்கட்டை நரைத்துச் சாய்ந்து
தன் மேலேயே மக்கிக் கிடக்கிறது.
வெள்வேலங்கன்று தேடினேன், ஒன்றில்லை.
"நெத்தைத் தின்னு ஆடு புழுக்கை போட்டாத்தானுங் அது மொளைக்கும்."
வேலிக்கு அந்தப் பக்கம் நின்று சொன்னாள்.
"மொளைச்சதைத் திங்கறதும் அதேதானுங்.
என்ற காட்டுக்குப் பத்து உருப்படி தாங்கும்.
பதினேழு விட்டிருக்கறேன். தெரிஞ்சுதான்."
கொஞ்ச நேரம் பேச்சில்லை.
"கெணத்துத் தண்ணிக்குச் சோளம் வாரதில்லைங்.
வேற எதை விடறது?"

கயிற்றில் கட்டி மீட்டரைக் கிணற்றில் இறக்கினேன்.
எண் ஏறியது, ஏறியது.
இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம்,
பரீட்சை முடிவு மாதிரி.
"நின்னுருச்சாங்?"
"நின்னுருச்சுங்க."
அவள் எத்தனை என்று கேட்கவில்லை.

முப்பத்தெட்டாவதில் நீல நூல் பிசிறு, உடைந்த பொத்தான்.
முப்பத்தொன்பதாவதில் எங்கள் ஜீப்பின் டயர் தடம்,
அடியில் நசுங்கிய தூர் மூன்று.
அதோடு இருட்டிவிட்டது.

விடுதி அறையில் பனியனை அலசினேன்.
திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில்
நூறு ரூபாய்க்கு வாங்கியது.
வாளி நீலமானது.
மீட்டர் கையில்தான் இருந்தது.
குழாய்த் தண்ணீரைவிடக் கொஞ்சம்தான் கூட.

பென்சிலால் எழுதினேன்:
நாற்பது. புல் இல்லை. புழுக்கை இல்லை.
இடம், நான் தங்கிய அறை.
சதம் இரண்டும் காலியாக இருக்கின்றன.
நாளைக் காலை பத்துக்கு அனுப்ப வேண்டும்.

வாளியை இன்னும் கொட்டவில்லை.