உப்புவெளியில் உப்பு வாங்குகிறவள்

உப்புவெளியில் இருந்துகொண்டு
உப்பை விலைக்கு வாங்குகிறவள்
நான் ஒருத்திதான்.
கொழும்பு பஸ்ஸில் மாதம் ஒரு வாளி வரும்.
படலையைத் திறந்தால் கடல்,
ஆனால் கரைத் தண்ணீரில் படகு மண்ணெண்ணெய்.

பகலெல்லாம் ஆஸ்பத்திரி லாப்பில்
யார் யாரோ இரத்தத்தில் உப்புப் பார்க்கிறேன்.
இரவில், நாலடித் தொட்டியில்.
மீன்கள்
ரிப்போர்ட் எப்ப வரும் என்று
ஜன்னலைத் தட்டுவதில்லை.

நஸ்மிர் கடையில் முதல் நாளே சொன்னான்:
"எது வடிவு எண்டு கேக்காதீங்க மிஸ்,
எது எதைத் தின்னும் எண்டு கேளுங்க."

வண்ணாத்தி மீனைக் காட்டினேன்.
பவளத்தைப் பூப்பூவாகக் கொறிக்கும்.
கிளாத்தி?
சிரித்தான். உங்கட இறால் அதுக்கு
ஒரு நேரச் சாப்பாடு.
மண்டரின் மீன் முன்னால்தான் நெடுநேரம் நின்றேன்,
பச்சையும் செம்மஞ்சளும்
சாயக்காரனுக்குக் கை நடுங்கிய மாதிரி.
கல்லில் ஊரும் நுண்பூச்சி தவிர
வேறொன்றும் வாயில் வைக்காதாம்.
புதுத் தொட்டியில் பட்டினி கிடந்து
"வடிவாகவே சாகும்" என்றான்.

சாதுவை முதலில் விடு, சண்டியனைக் கடைசியில்;
முதலில் வந்தவன் முழுக் கல்லுக்கும் உறுதி எழுதிவிடுவான்.

ஆகவே நத்தை ஆறு.
துறவி நண்டு மூன்று, கூடவே வெறுஞ்சிப்பி பத்து:
வீடு கிடைக்காத துறவி
நத்தையைக் கொன்று வீடெடுக்கும்.
பிறகு துப்புரவு இறால் ஒன்று.
கோமாளி மீன் இரண்டு, ஒன்று பெரிது, ஒன்று சிறிது.
பெரியது பெண்ணாகும்,
அது செத்தால் சிறியது பெண்ணாகும்.
எந்தச் சாத்திரியார் இதற்குக் குறிப்பு எழுதுவார்?

வாடகை வாங்க மேலே வந்த குணநாயகம் ஐயா
கண்ணாடியில் மூக்கை வைத்துச் சொன்னார்,
"அப்ப இதுவும் நம்மட திருகோணமலைதான்."
இல்லை ஐயா.
மீனுக்குப் பசி என்றொரு நியாயம் இருக்கிறது.

மூன்றாம் கிழமை, இரவில், டிக்.
பல்லி சொல்லுது என்று நிலத்தைத் தட்டினேன்.
மறுபடி டிக்.
நைட் ட்யூட்டி முடித்து வந்த இமேஷா
சப்பாத்தைக் கழற்றாமல் நின்று கேட்டாள்,
"தண்ணிக்குள்ளயா பல்லி?"

காலையில் நத்தை ஐந்து.
அடுத்த காலை நாலு.
ஓடுகள்
சுத்தியலால் உடைத்த தேங்காய்ச் சிரட்டை போல.

டோர்ச்சில் சிவப்புத் தாள் சுற்றி
இரண்டு மணி வரை குந்தியிருந்தோம்.
தொட்டி கலைத்த ஒருவரிடம் நான் வாங்கிய கல்,
அதன் பொந்தில் காம்பு வைத்த இரண்டு கண்.
ஒன்று என்னைப் பார்த்தது,
மற்றது இமேஷாவை.
கும்பிடுபூச்சி இறால்.
கை கூப்பியபடி இருக்கும், கும்பிடு அல்ல அது.

நான் கேட்டு, பார்த்து, எழுதி,
வேண்டாம் என்று கோடு போட்ட பட்டியலில்
அதன் பெயரே இல்லை.
நானே கல்லைக் கழுவி
இரு கையாலும் ஏந்தி இறக்கிவைத்தேன்.

"கொல்லுவமா?"
கேட்டது நான்தான்.
இமேஷா பதில் சொல்லவில்லை.
அம்மா அனுப்பிய அச்சாற்றுப் போத்தலில்
மிச்சத்தை ஒரு கோப்பையில் வழித்து
நாலு தரம் கழுவி, மணந்து பார்த்து,
ஐந்தாம் தரமும் கழுவித் தந்தாள்.

கல்லை நல்ல தண்ணீரில் தோய்த்ததும்
அது தானாக வெளியே வந்தது,
சின்னவிரல் நீளம்,
மயில் கழுத்து நிறம்.
நஸ்மிரின் கடை முழுக்கத் தேடி
நான் காணாத வடிவு.

இப்போது அது ஜன்னலோரம், போத்தலில், தனியே.
காற்றுக் குழாய் ஒன்று,
ஒளிய உடைந்த குழாய்த் துண்டொன்று.
மீன்சந்தையில் அதற்கென்று
ஐம்பது ரூபாவுக்கு மட்டி கேட்டால்
ஐம்பது ரூபாவுக்கா என்கிறார்கள்.

இமேஷா புது அச்சாறு போட
போத்தலைத் திருப்பிக் கேட்கிறாள்.
டிக் என்கிறது கண்ணாடி.
சம்பளம் வரட்டும்,
ஓரடித் தொட்டி ஒன்று பார்க்க வேண்டும்,
தடித்த கண்ணாடியில்.