நாற்பது துண்டுகள்

மூடப்பட்ட பள்ளியிலிருந்து வந்தன பத்து நாற்காலிகள்.
பத்து வயதுக்காரர்களுக்குச் செய்தவை.
ராக்வெரெயின் இந்த மழலையர் பள்ளியிலோ
எல்லோருக்கும் நாலு வயது,
மிஞ்சினால் ஐந்து.

நான் கொதிகலன் பார்ப்பவன்.
குழாய், ஜன்னல், வாசலில் பனி வாருவது.
முதுகைப் பற்றிப் பேச எனக்கென்ன தகுதி?
இருபத்தாறு வருஷம் டிராக்டர் ஓட்டியதில்
என்னுடையதே அரிவாள்.

ஆனாலும் கஞ்சி வேளையில் கண்ணில் பட்டது:
மேசைக்கடியில் கால்கள்
தரையைத் துழாவுகின்றன.
தேடிக் களைத்ததும் இடுப்பு முன்னால் வழுக்குகிறது,
முதுகு மூட்டையாகிறது,
தாடை கிண்ணத்தின் விளிம்பில் வந்து நிற்கிறது.
"நிமிர்ந்து உட்காருங்கள்" என்கிறார் மைரே டீச்சர்.
நிமிர்கிறார்கள்,
நாலு கரண்டி நேரம்.

மிர்ட்டெலுக்கு நாற்காலியே வேண்டாம்.
கம்பளத்தில் முழங்கால் மடக்கி
பாதங்களை இரண்டு பக்கமும் வெளியே தள்ளி
தவளை போல் உட்கார்ந்திருப்பாள்.
முன்னால் நீட்டு என்றால் நீட்டுவாள்.
நீட்டிய கால்
யாரும் பார்க்காதபோது பழைய இடத்துக்குப் போய்விடும்,
தொழுவம் தெரிந்த மாடு.

வெள்ளி மாலை சணல் கயிறு எடுத்தேன்.
குதிகாலிலிருந்து முழங்கால் மடிப்பு வரை
பிள்ளைக்கொரு முடிச்சு.
வில்லெம் கூச்சத்தில் நெளிந்தான்,
அவன் அளவு சந்தேகம்தான்.
சனி, ஞாயிறு இரண்டு நாளும் ரம்பம்.
காபியில் மரத்தூள் மிதந்தது, குடித்தேன்.

திங்களன்று பாதங்கள் தரையில் பதிந்தன.
கிண்ணத்துக்குத் தலை போகவில்லை,
கரண்டி மேலே வந்தது.
டீச்சர் ஏதோ சொல்ல வாயெடுத்து
மறந்துபோய் ஜன்னலைச் சாத்தினார்.

வில்லெமின் நாற்காலி மட்டும் ஆடுகிறது.
சரிசெய்கிறேன் என்றால் தரமாட்டான்,
அது குதிரையாம்.

அறுத்த துண்டுகள் நாற்பது.
உப்புத்தாள் போட்டுத் தேய்த்துக் கூடையில் வைத்தேன்.
மிர்ட்டெல் எடுத்து அடுக்கினாள்,
தவளையாக உட்கார்ந்தபடியே.
ஐந்தாவது துண்டு வரை கை எட்டியது.
ஆறாவதற்குப் பாதங்களை உள்ளே இழுத்து
குந்தினாள்.
உள்ளங்கால் முழுதும் தரையில்,
முதுகு கதவுநிலை போல.
ஒன்பதாவதற்கு எழுந்தே நின்றாள்.
பிறகு சரிந்தது. பிறகு மறுபடி தவளை.

நானும் பக்கத்தில் குந்திப் பார்த்தேன்.
பாதி வழியில் முழங்கால் மறுத்துவிட்டது.
சுவரைப் பிடித்துக்கொண்டு தொங்கினேன்.

"உன்னையும் கயிறு வைத்து அளக்கணும்" என்றாள்,
கோபுரத்திலிருந்து கண்ணெடுக்காமல்.