ஒன்பது விரல் விஞ்ஞானி

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து நான்கு, நவம்பர்,
ஒரு ஞாயிறு இரவு எட்டரைக்கு
உலகம் அழியவிருந்தது,
டிம்மின்ஸில், எங்கள் வீட்டுக் கூடத்தில்.
அதற்கு முன் இரண்டு சோப்பு விளம்பரங்கள்.

ஏரிக்கு அடியில் கிடைத்த கறுப்பு உருண்டை.
தொட்டவர் கையை அது விடாது.
விடாத கைக்காரருக்குக் கண் வெளுக்கும்.
கண் வெளுத்தவர்
யாருக்கும் புரியாத எண்களைச் சொல்லிக்கொண்டே
பனிக்குள் நடந்து போவார்.

எனக்கு ஒன்பது வயது.
அந்தக் குளிர்காலம் முழுக்கக்
கதவுக் குமிழைக் கையுறையோடுதான் தொட்டேன்.

இப்போது சட்பரியில், இர்யாவின் வீடு.
நூலகத்தில் பழக்கம். இங்கே வருவது மூன்றாவது முறை.
யாரோ ஒளிநாடாவிலிருந்து எடுத்துவைத்த பிரதி,
படத்தின் அடிவிளிம்பு நெளிகிறது,
நிறமெல்லாம் கலந்து தேநீராகிவிட்டது.
விண்கலம் என்று நான் இத்தனை வருடம் நம்பியது
வெந்நீர்க் கலன்.
நிறுவனத்தின் தகட்டைக்கூடக் கழற்றவில்லை.
ராணுவம் மொத்தம் நாலு பேர்.
அதே நாலு பேர்
அடுத்த காட்சியில் ஊர்மக்கள்,
அதற்கும் அடுத்ததில் பிணங்கள்.

சிரிக்கத்தான் போட்டேன். சிரித்தேன்.
கொஞ்சம் பயமும் வரும் என்று
எதிர்பார்த்ததை ஒப்புக்கொள்கிறேன்.

இதோ, இந்த இடம் பார், என்று நிறுத்தினேன்.
டாக்டர் பிரெண்டிஸ் உருண்டையைத் திறக்கிறார்.
பத்து விரலோடு அறைக்குள் வந்த மனிதருக்குக்
கிட்டத்தில் காட்டும்போது ஒன்பது.
இடக்கை மோதிர விரல் பாதியில் முடிகிறது.
பதினோரு விநாடி.
பிறகு முகம், பிறகு மறுபடி பத்து.
என் அண்ணன் கண்டுபிடித்தது இது.
பள்ளியில் அதைச் சொல்லியே
அந்த வருடத்தை ஓட்டினான்.

இர்யா சிரிக்கவில்லை என்றால் பொய்.
காப்பி சிந்தச் சிரித்தாள்.
பிறகு, கோப்பையைத் துடைத்தபடி,
அது எங்கப்பா, என்றாள்.

தௌனோ. நிக்கல் சுரங்கத்தில் பற்றவைப்பவர்.
டொராண்டோவிலிருந்து வந்த படக்காரர்களுக்காக
எரிவாயு உருளை இரண்டின் மண்டையை வெட்டி,
ஒன்றோடொன்று கவிழ்த்து,
கீல் வைத்து, கரி பூசிக் கொடுத்தார்.
நாற்பது டாலர், ஒரு புட்டி ரம்.
உள்ளே வைத்த மத்தாப்புக்குக் கதாநாயகன் பயந்தான்.
அந்த வெள்ளைக் கோட்டு தௌனோவுக்கு வந்தது.
விரலை மடக்கிக்கொள்ளச் சொன்னார்களாம்.
மடக்கினார். பொறி பறந்ததும் மறந்தார்.
இன்னொரு தடவை எடுக்கப் படச்சுருள் இல்லை.

மறுபடி போடு.

போட்டேன்.
திறந்ததும் அவர் ஒளியைப் பார்ப்பதில்லை.
கட்டைவிரலால் கீலின் ஓரத்தைத்
தடவிக்கொண்டே போகிறார்.
எந்த விஞ்ஞானியும் அதைச் செய்யமாட்டான்.
அண்டமே பிளக்கப்போகிற நேரம்,
அவருக்குப் பற்றவைப்பு சீராக விழுந்ததா என்று கவலை.

அவள் வீட்டில் அவருடைய படங்கள் மூன்று:
திருமணம், கடவுச்சீட்டு,
தொழிற்சங்க விழாவில் பின்வரிசை.
எதிலும் அசையமாட்டார்.

ஆறு தடவை பார்த்தோம்.
கடைசியில் உலகம் தப்பியதா என்று
இருவருமே பார்க்கவில்லை.

அந்தப் பொருள் என்ன ஆயிற்று?
சவுனா கதவுக்கு முட்டு.

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
பனியில் பாதி புதைந்து கிடந்தது,
நான் பயந்ததைவிடச் சின்னது,
பூசணிக்காய் அளவு, ஒரு பக்கம் துரு.
கீல் இன்னும் திறக்கும், என்றாள்.

நான் கையுறையைக் கழற்றினேன்.
ஏன் என்று கேட்காதீர்கள்.

தொடாதே, என்று கத்தினாள் இர்யா,
படத்தில் வரும் பெண்ணைவிட
நன்றாகவே.

விடவில்லை அது.
உள்ளங்கையும் விரல்களும்
இரும்போடு இரும்பாக.
உள்ளே ஓடிப்போய் மிச்சக் காப்பியை
அவள் கொண்டுவரும்வரை
குனிந்தபடியே நின்றேன்,
மூச்சு வெள்ளையாக,
வலி தெரியாமலிருக்க
ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு.

நாற்பதைத் தாண்டித்தான் வந்தாள்.