நிரந்தர முகவரி

சணல் கயிற்றில் கட்டிய பேனாவை இழுத்துப் பிடித்து
பெரம்பூர் தபால் நிலையத்தில்
சேமிப்புக் கணக்குப் படிவம் எழுதிக்கொண்டிருந்தேன்.
பெயர், பெர்சிஸ் தங்கநேசம்.
வயது, நாற்பத்து மூன்று.
நிரந்தர முகவரி என்ற கட்டம் வந்ததும்
பேனா நின்றது.

மை தீர்ந்துவிட்டது என்று உதறினேன்.
புடவையில் நீலமாய்த் தெறித்தது.
மை இருந்தது.

அவ்வளவுதான் நடந்தது.
வெளிச்சம் இல்லை, குரல் இல்லை.
வரிசையில் பின்னால் நின்றவர்
"சீக்கிரம்மா" என்றார்.
சொன்னது அவர்தானா என்று
இன்றைக்கும் எனக்குச் சந்தேகம்.

அலமாரியில் துணிக்கடியில்
ஒரு வருகைப் பதிவேடு வைத்திருந்தேன்.
கூவம் கரையில் ஞாயிறு மாலைகளில்
நான் கதை சொன்ன பதினேழு பிள்ளைகள்.
அரையாண்டுத் தேர்வுக்கு முந்தின வாரம்
லாரிகள் வந்தன.
பாய், பாத்திரம், மூன்று கால் கட்டில்,
கூடையோடு ஒரு கோழி,
எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயின.
அதற்குப் பிறகு கட்டங்கள் வெறுமை.
ஆப்சென்ட் போட எனக்குக் கை வரவில்லை.
வராமல் போனது அவர்களா, நானா?

எங்கள் ஆலயத்தில்
இடப்பக்கம் ஐந்தாம் பெஞ்சுக்கு மேலே ஓடும் மின்விசிறி
நாங்கள் கொடுத்தது.
இறக்கையில் அப்பாவின் பெயர் சிவப்பு எழுத்தில் இருக்கும்.
ஓடும்போது படிக்க முடியாது.
கரண்ட் போனால்தான் அப்பா தெரிவார்.
அதற்குக் கீழே நாற்பது வருடம்
அவர் பின்னால் போவதாகப் பாடினேன்,
வியர்க்காமல்.

"எந்த நாட்டுக்கு ஊழியம்?" என்றான் அண்ணன் ஜெயசிங்.
பெரும்பாக்கம் என்றேன்.
சிரித்தான். பிறகு நிறுத்திவிட்டுச் சொன்னான்:
"நாகாலாந்து என்றால் ஜெபக்குறிப்பில் போடலாம்.
பஸ் போகிற ஊருக்கு
யார் அழுதுகொண்டே வழியனுப்புவார்கள்?"

வலையை விட்டார்கள், படகை விட்டார்கள் என்று
வாசிக்கும்போது சுலபமாக இருந்தது.
கிரைண்டரை விட
எனக்கு மூன்று வாரம் ஆயிற்று.

அங்கே போன பிறகுதான் உறைத்தது,
எல்லாவற்றையும் விட்டு வந்தவர்கள்
அந்த அடுக்குகள் முழுக்க இருக்கிறார்கள்.
வீட்டு வேலையை விட்டு, பள்ளிக்கூடத்தை விட்டு,
மீன் விற்ற நடைபாதையை விட்டு.
யாரும் அவர்களைச் சீடர்கள் என்று எழுதவில்லை.
அவர்களை அழைக்கவில்லை,
அள்ளினார்கள்.
நான்தான்
வங்கியில் பணத்தோடும்
அண்ணன் வீட்டு மாற்றுச் சாவியோடும்
"விட்டு" வந்தவள்.

ஆறாவது மாடி. லிஃப்ட் செத்து எட்டு மாதம்.
முதல் ராத்திரி குழாயில் காற்று வந்தது.
வந்துவிட்டேன், நீர் எங்கே என்று கேட்டேன்.
எந்த நீரைக் கேட்டேன் என்று
எனக்கே தெளிவில்லை.

எதிர்வீட்டு மல்லிகேஸ்வரி கதவைத் திறந்தாள்.
"எந்தக் கரையிலேர்ந்து தூக்குனாங்க உன்னை?"
யாரும் தூக்கலை, நானாத்தான் வந்தேன்.
"நீயாவா? லூசா நீ?"
ஏற இறங்கப் பார்த்தாள்.
பிறகு தன் குடத்தைச் சாய்த்து
பாதியை என் குடத்தில் ஊற்றினாள்.
நாள்விட்டு நாள் வருகிற தண்ணீர்.
ஒரு சொட்டு கீழே சிந்தவில்லை.

பொய் சொல்லக் கூடாது.
மாதத்தில் ஒரு ஞாயிறு பெரம்பூர் போகிறேன்.
மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து
அங்கேயே தங்கிவிட ஒரு சாக்கு தேடுகிறேன்.
நல்ல சாக்குகள் நிறைய இருக்கின்றன.
சாயங்காலம் எப்படியோ
பஸ்ஸில் இருக்கிறேன்.

நேற்று பதிவேட்டைத் தூசி தட்டி எடுத்துப்போய்
பிளாக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டு
முதல் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டேன்.
கோகிலா.
நாலு முறை.
காயும் துணிகளுக்குப் பின்னாலிருந்து,
மூன்றாம் மாடியாக இருக்கலாம்,
தூக்கக் கலக்கத்தில் ஒரு குரல்:
"இன்னா?"

தபால் நிலையத்தில் நானும்
ஏறக்குறைய அதைத்தான் சொன்னேன்.