மாம்பூ

முதலமடையில் இந்த வருஷம் மா நன்றாகப் பூத்திருக்கிறது.
அண்ணன் சவரிமுத்து குத்தகைக்கு எடுத்த நாற்பது ஏக்கரும்
இலை தெரியாமல் பூ.
அவனுக்குச் சிரிப்பு நிற்கவில்லை,
எனக்குத் தும்மல்.

நாளை விடியுமுன் கோயம்புத்தூரில்
நூற்று எண்பது பேரை ஏற்றிக்கொண்டு
நான் டெல்லிக்குக் கிளம்ப வேண்டும்.

கொழிஞ்சாம்பாறை மருந்துக்கடையில்
வாய் திறக்குமுன்பே அட்டையைக் கிழித்தார் அசனார்.
"ஒண்ணு போட்டாப் போதும். சுகமா உறங்கலாம்."
ஊரே அதைத்தான் போடுகிறது இந்த மாசம்,
மருந்தடிக்கிறவர்கள், பஸ் ஓட்டுகிறவர்கள்,
ஞாயிறு பூசையில் பாடுகிறவர்கள்.
தும்மலை நிறுத்தும்.
கூடவே வேறு எதையோ அரை நொடி பிந்த வைக்கும்.
அந்த அரை நொடி எனக்கு எங்கே தேவைப்படும் என்று
அவருக்கு எப்படிச் சொல்ல?

"உறக்கம் வராதது இருக்கா?"
இருந்தது. விலை கூடுதல்.
ஆனால் இதுவரை போட்டதில்லை.
முதல் தடவை போடுகிற எதையும்
தரையில்தான் போட்டுப் பார்க்க வேண்டும்.
இரண்டையும் வாங்கிக்கொண்டேன்.

இரவு மொட்டைமாடியில்
மூக்கைப் பிடித்து வாயை மூடி ஊதினேன்.
வலது காது டப்பென்று திறந்தது.
இடது திறக்கவில்லை.
ஆவி பிடித்துவிட்டு இன்னொரு தடவை.
இல்லை.
ஏறும்போது எப்படியோ சமாளிக்கலாம்.
இறங்கும்போதுதான்
உள்ளே தாழிட்ட கதவை ஒருவன் தோளால் இடிப்பதுபோல
காற்று செவியை இடிக்கும்,
ஓடுதளம் கண்ணெதிரே வளர்ந்துகொண்டிருக்கும்.

போன் செய்தேன்.
"காய்ச்சலா மேடம்?"
"மாம்பூ."
அந்தப் பக்கம் கொஞ்சம் மௌனம். பிறகு,
"என்னன்னு எழுதட்டும்?"
"பறக்கத் தகுதியில்லைன்னு எழுதுங்க."
என் வாயிலிருந்து அது வந்ததை
ஒற்றைக் காதால் கேட்டேன்.

"ஒரு தும்மலுக்கா?" என்றான் அண்ணன்.
"போன வாரம் இதப் போட்டுட்டுத்தான்
கோவிந்தாபுரம் செக்போஸ்ட் வரைக்கும் லாரி ஓட்டினேன்."
"தெரியும். கதவுல கீறல் பார்த்தேன்."
அதற்கு மேல் அவன் பேசவில்லை.

இனி போடலாம்.
அசனார் முதலில் கிழித்துக் கொடுத்ததைத்தான் போட்டேன்.

எழுந்தபோது மணி பத்து.
டெல்லியில் எல்லோரும் இறங்கிப் பெட்டியும் எடுத்திருப்பார்கள்.
தோட்டம் முழுக்கத் தேனீ.
அண்ணி கொடுத்த காபியைக் குடித்துவிட்டு
டம்ளரை மேசைமேல் வைத்தேன்.
மேசை ஒரு விரல்கடை தள்ளி இருந்தது.